ஜூலின் செம்புப் பானை

தலைமையாசிரியர் ஆறுமுகச்சாமி மூன்றாவது தடவையாக போன் செய்தபோது, இசக்கித்துரை நூற்பாலையில் ஒரு பேரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"தம்பி, விடை தப்பா இருக்கு."

"என்ன விடை?"

"உங்க வீட்டம்மா நோட்டுல. இருபத்தேழு தடவ பண்ணியிருக்காவ. இருபத்தேழும் தப்பு."

மாரிசெல்வி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பனவடலிசத்திரம் விலக்கில் அவள் ஸ்கூட்டரை டிராக்டர் ஒன்று தட்டியது. அன்று முதல் ஊரில் எல்லாரும் அவளைப் பற்றி அவனிடம் குரலைத் தாழ்த்தி, நல்லதாக மட்டுமே பேசினார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு மரத்துப்போயிருந்தது. அவள் தப்பு செய்தாள் என்று இன்றைக்குத்தான் ஒருவர் சொல்கிறார்.

"சார், வேலையில இருக்கேன்."

"ஒரு நிமிஷம் தம்பி. புதன்கெழம மேடம் செஞ்ச கருவிகளுக்கெல்லாம் கண்காட்சி, திறப்பு விழா. சீஃப் கெஸ்ட் ரிட்டயர்டு இயற்பியல் பேராசிரியர். நோட்டக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள விரிச்சு வைக்கோம். அவரு மொத வேலையா விடையத்தான் பாப்பாரு. நம்ம மேடம் பேரு கெடலாமா?"

"அதுக்கு?"

"ஒயிட்னர் இருக்கு. இருபத்தேழும் வேண்டாம். பெட்டியில ஒரு பக்கந்தான தெரியும்? ஒம்பது போதும். நீங்க சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா…"

"தொடாதீங்க. ஞாயித்துக்கெழம வாரேன்."

போனை வைத்தபின் பேரிங்கைக் கீழே போட்டுவிட்டான். அது உருண்டு இயந்திரத்துக்கு அடியில் போனது. குனிந்து எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று.

திருவேங்கடம் சாலையில் உள்ள அந்தத் தனியார் பள்ளியில் மாரிசெல்வி ஆறு வருடம் இயற்பியல் எடுத்தாள். பழைய விஞ்ஞானிகள் வைத்திருந்த கருவிகளைத் தன் கையால் மறுபடி செய்து பார்ப்பது அவளுக்கு ஒரு பைத்தியம். கலிலியோவின் தொலைநோக்கியை பி.வி.சி. குழாயில் செய்தாள். அதில் கண்ணை வைத்தால் முழு நிலா தெரியாது, ஒரு துண்டுதான் தெரியும். கருவி சரியில்லை என்றார்கள் மற்ற ஆசிரியர்கள். கருவி சரிதான், அந்த மனுஷன் துண்டு துண்டாகத்தான் பார்த்துச் சேர்த்தார், அதைப் புத்தகத்தில் போட மாட்டார்கள் என்றாள் அவள். படத்தைப் பார்த்தால் எல்லாம் சுலபம். செய்து பார்த்தால்தான் பட்ட பாடு தெரியும் என்பது அவள் கட்சி.

கடைசியாகச் செய்தது ஜூல் கருவி. ஏறக்குறைய நூற்றெண்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஜூல் என்பவர் செய்த சோதனை அது. இரண்டு பக்கமும் எடை தொங்கும். எடை இறங்கும்போது கயிறு ஒரு தண்டைச் சுற்றும். தண்டின் அடியில் துடுப்புகள், பானைத் தண்ணீருக்குள். துடுப்பு சுற்றச் சுற்றத் தண்ணீர் துளியளவு சூடாகும். எத்தனை வேலைக்கு எத்தனை சூடு என்று வகுத்தால் ஒரு எண் வரும். பாடப்புத்தகத்தில் அது 4.2.

மாரிசெல்வியின் நோட்டில் 3.6. மறுபடி 3.6. அப்புறம் 3.5. அப்புறம் 3.7. இருபத்தேழு வரி.

இந்த ஊர்ப் பள்ளிகளில் எந்தப் பையனுக்கும் அப்படி வராது. எல்லார் ரெக்கார்டு நோட்டிலும் 4.2தான் வரும். விடையை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னால் நடந்துபோய் அளவீடுகளை உண்டாக்குவது வழிவழியாக வரும் வித்தை. அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பான். சில ஆசிரியர்களே சொல்லிக்கொடுப்பார்கள். மாரிசெல்வி மட்டும் அப்படி எழுதியவர்களுக்கு முட்டை போட்டாள். பெற்றோர் வந்து சண்டை பிடித்தார்கள். ஆறுமுகச்சாமியே இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

அவள் நோட்டில்தான் இப்போது ஒயிட்னர்.

இசக்கித்துரைக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த எண்கள் நிஜமாக வந்தவையா? வந்தவை என்றால், இருபத்தேழு தடவையும் ஒரே மாதிரி எப்படித் தப்பும்? வராதவை என்றால், அவன் நாலு வருடம் குடித்தனம் நடத்தியது யாரோடு?

*

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவிட்டவர் உதவியாளர் செல்லச்சாமி. ஐம்பத்தைந்து வயது. ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் கூட இனாமாகத் தரமாட்டார். மாரிசெல்வியின் இடத்துக்கு வந்திருந்த யோகலட்சுமியும் லென்ஸோடு வந்திருந்தாள். தெர்மாமீட்டரில் பத்தில் ஒரு பாகத்தைப் படிக்க லென்ஸ் வேண்டும்.

கருவி மேசை மேல் இருந்தது. பாத்திரக்கடைச் செம்புப் பானை. வெல்டிங் பட்டறையில் வெட்டிய துடுப்பு. கிணற்றுக் கப்பி இரண்டு. பழைய பத்துக் கிலோ எடைக்கல் இரண்டு. பின்னால் சுவரில், அவள் படம் போட்ட பிளக்ஸ் சுருட்டிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. இசக்கித்துரை அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

எடையை மேலே ஏற்று, விடு. அது மெதுவாக இறங்கும். மறுபடி ஏற்று. முப்பது தடவை. நாற்பது நிமிடம். செல்லச்சாமி கைப்பிடியைச் சுற்றி எடையை ஏற்றினார். இசக்கித்துரை எண்ணினான். யோகலட்சுமி படித்தாள்.

முதல் தடவை 4.9. அடுத்தது 5.0. சாப்பாட்டுக்குப் பிறகு 4.9.

ஆறுமுகச்சாமி மூன்று மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் அழைப்பிதழ்க் கட்டு.

"என்ன வந்துச்சு?"

"4.9."

"அடடா. இதுவும் தப்பு."

"இது தப்பில்ல சார்," என்றான் இசக்கித்துரை. "கப்பியில உரசுது, கயிறு உரசுது. அங்கன கொஞ்சம் வேலை வீணாப் போகுது. தண்ணிக்குக் கெடைக்க வேண்டிய சூடு கொறையுது. அப்ப எண்ணு கூடத்தான் செய்யும். நாலரை வரலாம், அஞ்சு வரலாம்."

"சரி. அப்ப 3.6?"

இசக்கித்துரை நோட்டைப் புரட்டினான். அதுதான் வரவே கூடாத எண். எடை கொடுத்ததை விட அதிகச் சூடு தண்ணீருக்கு வந்திருந்தால்தான் 3.6 வரும். இல்லாத சூடு எங்கிருந்து வரும்?

யோகலட்சுமி இரக்கத்தோடு சொன்னாள்: "அண்ணே, அக்கா பாவம், மண்பானைத் தண்ணிய ஊத்தியிருப்பாங்க. ஜில்லுன்னு இருந்திருக்கும். நம்ம ஊரு வெக்கையில அதுவாச் சூடேறியிருக்கும். கவனிக்காம விட்டிருப்பாங்க."

"அவ கவனிக்காம விட மாட்டா."

"இல்லண்ணே, யாருக்கும் வர்றதுதான…"

ஆறுமுகச்சாமி அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"தம்பி! மேடத்துக்கு 3.6. உங்களுக்கு 4.9. கூட்டி ரெண்டால வகுங்க."

யாரும் வகுக்கவில்லை.

"4.25! புத்தகத்துல உள்ளதுக்குப் பக்கத்துல வந்துட்டுல்லா? புருஷன் பொண்டாட்டி சேர்ந்து கண்ட விடைன்னு அட்டையில எழுதிருவோம். சனங்க கண்ணுல தண்ணி வந்துரும்."

"சார்."

"என்ன தம்பி?"

"ரெண்டு தப்பக் கூட்டி ரெண்டால வகுத்தா சரியாயிராது சார்."

"உலகமே சராசரியிலதான் தம்பி ஓடுது," என்றார் அவர், கொஞ்சமும் வருத்தமில்லாமல். "செவ்வாக்கெழம சாயங்காலம் பெட்டியப் பூட்டுதோம். அதுக்குள்ள இதே மிஷின்ல 3.6 வந்துச்சுன்னா நோட்டு அப்படியே இருக்கட்டும். வரலேன்னா ஒயிட்னர், இல்ல சராசரி. உங்க இஷ்டம்."

*

நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தான். திங்கள்கிழமை ஷிப்ட் முடிந்து குளிக்காமலே உட்கார்ந்து படித்தான். அம்மா இளையரசனேந்தலில் இருந்து போன் செய்து, ஒரு ஜாதகம் வந்திருக்கிறது, பார்க்கிறாயா என்றாள். வேண்டாம் என்றான். வேண்டாம் என்றால் இப்போதைக்கு வேண்டாமா, எப்போதும் வேண்டாமா என்றாள். போனை வைத்துவிட்டு நோட்டுக்குத் திரும்பினான்.

மண்பானைத் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு வரியிலும் அறையின் சூடும் தண்ணீரின் சூடும் எழுதியிருந்தது. இரண்டும் ஒன்று. முந்தின நாளே தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்தில் வைத்திருக்கிறாள். அதோடு விடவில்லை. ஆறு தடவை எடையை இறக்காமல், நாற்பது நிமிடம் பானையைச் சும்மா வைத்துப் பார்த்திருக்கிறாள். 'மாற்றம் இல்லை' என்று ஆறு தடவையும் எழுதியிருந்தது. ஜூலும் இப்படிச் சும்மா வைத்துப் பார்த்தவர்தான் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.

இவ்வளவு கவனமாக இருந்தவளுக்கு எப்படி 3.6 வரும்? அவனுக்கு எரிச்சல் வந்தது. ஆறுமுகச்சாமி மேல், யோகலட்சுமியின் இரக்கத்தின் மேல், கடைசியில் அவள் மேலும். உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டு முடித்திருப்பான். சமையலறையில் நின்றபடியே பதில் சொல்லியிருப்பாள். அவள் செய்துகொண்டிருந்தபோது ஒரு தடவைகூட அவன் போய்ப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் 'ஸ்பெஷல் கிளாஸ் மாதிரிதான்' என்று சொல்லிவிட்டுப் போவாள். அவன் தலையாட்டுவான்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு போட்டான். மில்லில் ஒரு இயந்திரம் நேற்றைக்கு ஒரு மாதிரியும் இன்றைக்கு ஒரு மாதிரியும் ஓடினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நடுவில் யார் கை வைத்தது? பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்திருக்க வேண்டும். ஞாயிறே செய்திருக்க வேண்டும்.

ஆய்வகத்துக்குப் போனதும் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தான். பானையின் இடுப்பைச் சுற்றி இரும்புப் பட்டை. பட்டையின் நாலு கால்களும் மேசையில் முடுக்கப்பட்டிருந்தன. கருவி முழுக்கத் தூசியும் கறையும். அந்த நாலு போல்ட் மட்டும் பளபளவென்று இருந்தன.

"அண்ணாச்சி, இந்தப் பட்டை எப்ப போட்டது?"

"போன மாசம்," என்றார் செல்லச்சாமி.

"யாரு போட்டா?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"விருந்தாளி வரும்போது ஆடக் கூடாதுன்னு எச்.எம். சொன்னாரு."

இசக்கித்துரை வெளியே வந்தான். முதுகெல்லாம் தூசி.

"அப்ப முந்தி பட்டை கெடையாதா?"

"கெடையாது."

"பட்டை இல்லாம துடுப்பு சுத்துனா பானையும் சேந்துல்லா சுத்தும்?"

"சுத்தும்."

"அப்ப எப்படி நிக்கும்?"

"மேடம் பிடிச்சுக்கிடுவாவ."

"எப்படி?"

செல்லச்சாமி இரண்டு கைகளையும் விரித்து, குழந்தையைத் தூக்குவதுபோல் காற்றைக் கட்டிப்பிடித்துக் காட்டினார். "நான் கைப்பிடி சுத்துவேன். அவுக இப்பிடி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு குனிஞ்சு நிப்பாவ. முடியுற மட்டும் விட மாட்டாவ. விட்டா பானை சுத்திருமே."

"நாப்பது நிமிஷம்."

"ஆமா."

"இருபத்தேழு தடவ."

"இருக்கும்."

"ஞாயித்துக்கெழம காலையில இருந்து இங்கன நிக்கீயளே அண்ணாச்சி! மண்பானைங்காவ, சராசரிங்காவ, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான நின்னீய? ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க கேக்கலயே சார்."

அவருடைய சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது. பிடித்து என்ன கேட்பது? அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்ததும் அவள் கையில் ஒரு செம்பு வாசனை இருக்கும். தோசை ஊற்றிப் போடும்போது அவனுக்கு அடிக்கும். எங்கிருந்து என்று அவனும்தான் கேட்டதில்லை.

போல்ட்டுகளைக் கழற்றினான். பட்டையை உருவி எறிந்தான். அது ஆய்வகத் தரையில் விழுந்து சத்தம் போட்டது. யோகலட்சுமி ஓடிவந்தாள். அவளிடம் லென்ஸைக் கொடுத்துவிட்டுப் பானையைக் கட்டிக்கொண்டான்.

அது பார்ப்பதற்கு இருப்பதைவிடக் கஷ்டமான வேலை. ஒவ்வொரு தடவை எடை இறங்கும்போதும் பானை திமிறியது. முழங்கையைப் பூட்ட வேண்டும். மூடியில் தெர்மாமீட்டர் நிற்பதால் தலையை நேராக வைக்க முடியாது.

"கன்னத்த எடப்பக்கம் சாய்ச்சுக்கிடுங்க சார்," என்றார் செல்லச்சாமி, முதல் தடவையாகக் கேட்காமலே. "மேடம் அப்பிடித்தான் வச்சிருப்பாவ."

இடப்பக்கம் சாய்த்தான். உள்ளே துடுப்பு தண்ணீரை அரைப்பது காதில் கேட்டது. பத்தாவது தடவையில் தோள் வலித்தது. இருபதில் கை மரத்தது. முப்பது முடிந்து யோகலட்சுமி படித்தபோது அவனால் கையை உடனே பிரிக்க முடியவில்லை.

"கணக்குப் போடு."

அவள் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

"3.6, அண்ணே."

கண்டுபிடிக்க ஒன்றும் மீதி இல்லை. மனித உடம்பு அந்த அறையை விடச் சூடு. நாற்பது நிமிடம் ஓர் ஆள் செம்பைக் கட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் அதையும்தான் வாங்கிக்கொள்ளும். எண்கள் நிஜமானவை. இருபத்தேழும்.

அவள் செய்த தப்பும் இப்போது தெரிந்தது. எடையை இறக்காமல் ஆறு தடவை பார்த்தாளே, அப்போது பானை சுற்றாது. சுற்றாத பானையைப் பிடிக்க வேண்டியதில்லை. விலகி உட்கார்ந்து பேப்பர் திருத்தியிருப்பாள். 'மாற்றம் இல்லை.' அறையின் சூட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், கயிற்றின் கனத்தைக்கூட எழுதி வைத்தாள். தன்னை விட்டுவிட்டாள்.

"கழுத," என்றான் இசக்கித்துரை.

யோகலட்சுமி திடுக்கிட்டுப் பார்த்தாள். அவளைச் சொல்லவில்லை என்று அவன் விளக்கவில்லை.

*

மாலையில் ஆறுமுகச்சாமி வந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆக, தப்பு தப்புதான? நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"அளந்தது சரி சார். ஒரு சேதி விட்டுப்போச்சு. அவ்வளவுதான்."

"சீஃப் கெஸ்ட்டுக்கு இதெல்லாம் யாரு தம்பி சொல்லுவா?"

"நான் சொல்லுதேன். 3.6 வந்தா நோட்டு அப்படியே இருக்கட்டும்னீங்க. வந்துட்டு."

அவர் கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தார். பேச்சு மாறும் ஆள் இல்லை. அது ஒன்றுதான் அவரிடம் இருந்த நிம்மதி. நோட்டை அவரே பெட்டிக்குள் வைத்தார். ஆனால் புதன்கிழமை காலையில் இசக்கித்துரை வந்து பார்த்தபோது, நோட்டுக்குப் பக்கத்தில் தங்க நிற எழுத்தில் ஓர் அட்டை இருந்தது: 'விடை: 4.25 (சராசரி)'.

அட்டையை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பேராசிரியர் வரவில்லை. முழங்கால் வலி என்று எட்டு மணிக்குச் செய்தி வந்தது. பதிலுக்குப் பள்ளிச் செயலாளரின் சகலை பாண்டியராஜ் ரிப்பன் வெட்டினார். அவருக்கு அரிசி மில். தொலைநோக்கியில் ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்தார். ஜூல் கருவியின் முன் வந்ததும் நின்று, எடைக்கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இது பழைய கல்லுல்லா? எங்க மில்லுல இருந்து போனதோ?"

"இல்ல அண்ணாச்சி, மேடம் வெலைக்கு வாங்குனது," என்றார் ஆறுமுகச்சாமி.

"நல்ல கல்லு."

நோட்டின் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. யாருமே திரும்பவில்லை. விடை தப்பா சரியா என்று கேட்க ஒரு நாதி இல்லை. இதற்காக மூன்று நாள்! பிளக்ஸில் மாரிசெல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். குத்துவிளக்கு, பொன்னாடை, கைதட்டல். இசக்கித்துரைக்கும் ஒரு பொன்னாடை. எல்லாரும் கீழே சாப்பாட்டுக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் இருந்து மட்டன் பிரியாணி வந்திருந்தது. வாசனை மாடிப்படி ஏறி வந்தது.

ஆய்வகத்தில் செல்லச்சாமியும் யோகலட்சுமியும் நின்றார்கள்.

"பெட்டிச் சாவி உங்ககிட்டயா அண்ணாச்சி?"

"ஆமா."

"தொறங்க. நோட்ட எடுங்க."

பொன்னாடையை ஸ்டூலில் போட்டான். நேற்றிலிருந்து பானையில் கிடந்த தண்ணீர் அறையின் சூட்டுக்கு வந்திருந்தது. யோகலட்சுமியைப் படிக்கச் சொன்னான். அவள் படித்து எழுதினாள். அவன் பானையைக் கட்டிக்கொண்டான்.

செல்லச்சாமி கைப்பிடிக்குப் போனார். "சுத்தட்டுமா?"

"வேண்டாம்."

"சுத்தாம எதுக்கு சார் பிடிக்கீய? பானை எங்கயும் ஓடாதே."

"சுத்தாமப் பிடிச்சா எவ்வளவு ஏறுதுன்னு பாக்கணும். அவ அத மட்டுந்தான் பாக்கல. அதக் கழிச்சா இருபத்தேழும் நேராயிரும்."

செல்லச்சாமி யோசித்தார். "உங்க சூடும் மேடம் சூடும் ஒண்ணா சார்?"

"இல்லதான்."

"அப்ப?"

"அதுக்கு இப்ப வழியில்ல அண்ணாச்சி."

அவர் கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். யோகலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தாள். எடைக்கற்கள் அசையாமல் தொங்கின. இந்தத் தடவை துடுப்புச் சத்தம் இல்லை. பானை திமிறவும் இல்லை. தோளுக்கு வேலையே இல்லை. ஆனாலும் முழங்கையைப் பூட்டிக்கொண்டுதான் நின்றான்.

கால்மணி நேரம் கழித்து ஆறுமுகச்சாமி கையில் தட்டோடு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, உங்களத்தான் தேடுதேன். பாண்டியராஜ் அண்ணாச்சி கேக்காரு, கூட ஒரு போட்டோ எடுக்கணுமாம். வாங்க, பிரியாணி தீரப்போகுது." அப்போதுதான் அவன் நிற்கும் நிலையைப் பார்த்தார். எடைக்கல்லைப் பார்த்தார். செல்லச்சாமியைப் பார்த்தார். "என்ன இது? ஒண்ணும் ஓடலயே. எதுக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கீங்க?"

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு சார்," என்றான் இசக்கித்துரை.

"விட்டுட்டு வந்து சாப்ட்டுட்டுப் பிடிக்கலாமுல்லா?"

"விடக் கூடாது."

கன்னத்தை இடப்பக்கம் சாய்த்தபடியே சொன்னான். அவனுக்கு ஆறுமுகச்சாமியின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு படியிறங்கிப் போனது. கீழே அவர் யாரிடமோ, "ரெண்டு பொட்டலம் எடுத்து வைங்கப்பா," என்று சத்தமாகச் சொல்வது கேட்டது. உடனே, "மூணு, மூணு," என்று திருத்திச் சொன்னார்.